தரைச்சக்கரமா, ஹைட்ராலிக்கா, மின்மோட்டாரா: விதைப்பு இயந்திரத்தின் இயக்கமும் வரிசை நிறுத்தமும்

விதைப்பு இயந்திரத்தைப் புதுப்பிக்க எண்ணுபவர்கள் பலரும் "ஹைட்ராலிக் இயக்கத்துக்கு மாறலாமா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறார்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. விதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விடும் விதை மீட்டரை எது சுழற்ற வேண்டும் என்பது ஒன்று. விதை தேவைப்படாத இடத்தில் ஒரு வரிசையை எது நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. ஹைட்ராலிக் மோட்டார் முதல் கேள்விக்கு மட்டுமே விடை: அது விதை அடர்த்தியை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கூட்டவும் குறைக்கவும் உதவும்; ஆனால் இயந்திரம் முழுவதற்கும் ஒரே மோட்டார் என்றால், அதனால் எல்லா வரிசைகளையும் சேர்த்துத்தான் நிறுத்த முடியும். கோணலான வயலில் விதை இரட்டிப்பாக விழுவதைத் தடுப்பது, மீட்டருக்கு வரும் இயக்கத்தைத் துண்டிக்கும்படி வரிசைகளில் பொருத்தப்படும் கிளட்ச். முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதன் பலனை எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் குறைவல்ல. ஆகவே இந்தக் கட்டுரை இரண்டையும் பிரித்தே எடைபோடுகிறது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் வயலின் வடிவம். நான்கு பக்கமும் செங்கோணமாக அமைந்த வயலுக்கும், ஓடையோ பாதையோ குறுக்கே வெட்டிச் செல்லும் வயலுக்கும் தேவைகள் முற்றிலும் வேறு. இரண்டாவது, ஒரே வயலுக்குள் விதை அடர்த்தியை மாற்ற வேண்டிய உண்மையான காரணம் இருக்கிறதா என்பது: மண் ஆழம், நீர்ப்பிடிப்பு, பாசனம் எட்டும் பகுதி, எட்டாத பகுதி ஆகியவை அந்தக் காரணத்தைத் தரும், கருவியில் வசதி இருக்கிறது என்பது காரணம் ஆகாது. மூன்றாவது, டிராக்டரின் எண்ணெய்ப் பம்பும் மின்சாரமும் எவ்வளவு தாங்கும் என்பது. நான்காவது, விதைப்புப் பருவத்தின் நடுவில் ஒன்று பழுதானால் அதை யார், எவ்வளவு நேரத்தில் சரிசெய்வார் என்பது. விலைப்பட்டியலைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த நான்காவதைத்தான்.

எந்த இயக்கமானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. மக்காச்சோளத்தை 76 செ.மீ. வரிசை இடைவெளியில், எக்டேருக்கு 80,000 விதை வீதம் இடுவதாகக் கொள்வோம். விதைக்கும் விதைக்கும் இடையே ஏறத்தாழ 16.4 செ.மீ. வரும். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு வரிசையும் நொடிக்கு 13 அல்லது 14 விதைகளை விட வேண்டும். மீட்டருக்குள் விதையைப் பிடிக்கும், 30 துளைகள் கொண்ட தட்டு நிமிடத்துக்கு 27 முறை சுழல வேண்டும். டிராக்டரின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் இந்த 27 அதே விகிதத்தில் உடனுக்குடன் மாறியாக வேண்டும். இயக்கத்தின் தரம் என்று நாம் பேசுவது இந்த ஒத்திசைவைத்தான்.

## முதலில் நிறுத்தத்தின் கணக்கு

இயக்கத்தைப் பற்றிப் பேசும் முன்பே நிறுத்தத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இங்கே கணக்கு தெளிவாக இருப்பதும், பணம் பெரும்பாலும் இங்கேதான் வீணாவதும் ஆகும்.

12 வரிசை இயந்திரத்தின் அகலம் 9.12 மீட்டர். ஏற்கெனவே விதைக்கப்பட்ட திரும்பு பட்டையை (இயந்திரம் திரும்புவதற்கான வயல் முனைப் பகுதியை) அது 45 பாகைச் சாய்வில் சென்றடைகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த இடமும் விடுபடாமலிருக்க, கடைசி வரிசை எல்லையைத் தொடும் வரை எல்லா வரிசைகளும் விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் உருவாகும் இரட்டை விதைப்பு ஒரு முக்கோணம். அதன் பரப்பு அகலத்தின் வர்க்கத்தில் பாதி, அதாவது 41.6 சதுர மீட்டர். சாய்வு 30 பாகையாகக் கூர்மையானால் அதுவே 72 சதுர மீட்டராகிறது. செங்கோணத்தில் முக்கோணமே இல்லை.

இயந்திரத்தைச் சம அகலமுள்ள பிரிவுகளாகப் பிரித்துத் தனித்தனியே நிறுத்தினால், ஒரு பெரிய முக்கோணத்துக்குப் பதிலாகப் பல சிறிய முக்கோணங்கள் வரும். ஒவ்வொன்றின் பரப்பும் அதன் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மொத்த வீணடிப்பு பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுக்கப்பட்ட பங்காகக் குறைகிறது. இரண்டு பிரிவு என்றால் பாதி, நான்கு என்றால் கால், ஆறு என்றால் ஆறில் ஒன்று, பன்னிரண்டு என்றால் பன்னிரண்டில் ஒன்று. பிரிவுகள் சமமாக இல்லாவிட்டால் இந்தப் பலன் குறையும்.

இதை ஒரு வயலில் வைத்துப் பார்க்கலாம். பயணத் திசைக்குக் குறுக்காக அளந்தால் 400 மீட்டர் அகலமுள்ள வயல். அதன் ஒரு முனை 45 பாகையில் சாய்ந்திருக்கிறது. 44 ஓட்டங்கள் தேவைப்படும். நிறுத்தமே இல்லையென்றால் அந்த ஒரு முனையில் மட்டும் சுமார் 1,830 சதுர மீட்டரில் இரட்டை விதைப்பு நடக்கும். ஏறத்தாழ 14,600 விதைகள். ஆறு பிரிவுகள் இருந்தால் இது 305 சதுர மீட்டராகச் சுருங்கும், அதாவது சுமார் 12,200 விதைகள் மிஞ்சும். ஆறிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் மேலும் மிஞ்சுவது 1,200 விதைகள்தான். முதல் சில வெட்டுகளிலேயே பலனின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு சேர்க்கும் ஒவ்வொரு கிளட்சுக்கும் விலை ஏறக்குறைய அதே, பலன் மட்டும் தேய்கிறது. வரிசைக்கொரு கிளட்ச் வேண்டும் என்று வற்புறுத்தும் விற்பனைப் பேச்சு இந்தத் தேய்மானத்தைச் சொல்வதில்லை.

இயந்திரம் அகலமாக ஆக, ஒரு முனையின் மொத்த வீணடிப்பும் அதே விகிதத்தில் கூடும்: 24 வரிசைக்கு இருமடங்கு, 6 வரிசைக்குப் பாதி. ஆறு வரிசை இயந்திரமும் செவ்வக வயலும் வைத்திருப்பவர் இந்தப் பகுதியை இத்துடன் விட்டுவிட்டு, வேறு எதற்காவது செலவழிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

மிஞ்சும் விதையின் விலை மட்டுமே பலன் அல்ல. இரட்டிப்பு அடர்த்தியில் மக்காச்சோளம் தண்டு மெலிந்து சாயும், பல செடிகள் கதிரே பிடிக்காது, குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் வரிசைகளில் அறுவடை இயந்திரம் திணறும். மறுபுறம், இரட்டிப்பைத் தவிர்க்க ஓட்டுநர் முன்கூட்டியே நிறுத்தினால் அதே பரப்புள்ள முக்கோணம் வெற்றிடமாகி, களைக்கு இடம் கொடுக்கும். நிறுத்தக் கருவியின் மதிப்பைக் கணக்கிடும்போது இந்த இரண்டையும் சேர்க்க வேண்டும்.

### நேரப் பிழை என்னும் மறைந்த எதிரி

கிளட்ச் நின்ற கணத்தில் விதை நிற்பதில்லை. அரை மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் விதைக்கே தரையை எட்ட 0.32 நொடி ஆகிறது. காற்றால் இயங்கும் கிளட்சானால், இதனுடன் வால்வு திறக்கும் நேரமும் காற்று குழாயில் ஓடும் நேரமும் சேரும். இவற்றை ஈடுகட்ட, கட்டுப்பாட்டுக் கருவியில் நிறுத்தத்துக்கு ஒன்றும் தொடக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு முன்னோக்கு நேரங்களை, அதாவது எவ்வளவு முன்பே ஆணையிட வேண்டும் என்பதை, உள்ளிட வேண்டும். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருப்பதுமில்லை.

இந்த அமைப்பில் 0.3 நொடி பிழை இருந்தால், மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் அது 67 செ.மீ. தூரம், 12 வரிசைக்கும் சேர்த்து ஒரு முனைக்கு 6 சதுர மீட்டர். மேலே சொன்ன 45 பாகை முனையில் பன்னிரண்டு பிரிவுகளுக்குப் பிறகும் எஞ்சும் முக்கோணங்களின் மொத்தப் பரப்பு 3.5 சதுர மீட்டர்தான். அதாவது நேரம் சரியாக அமைக்கப்படாத பன்னிரண்டு கிளட்சுகளைவிட, கவனமாக அமைக்கப்பட்ட ஆறு கிளட்சுகள் மேல். வேகம் 16 கி.மீ. ஆனால் இந்தப் பிழையும் இரட்டிக்கும். அமைப்பைச் சரிபார்க்க ஒரே வழி, எல்லையில் மண்ணைத் தோண்டிக் கடைசி விதை எங்கே கிடக்கிறது என்று பார்ப்பது. திரையில் தெரியும் வண்ணப்படம் கருவி தான் செய்ததாக நம்புவதைக் காட்டுமே தவிர, மண்ணில் நடந்ததைக் காட்டாது.

கருவி எல்லையை அறிவது செயற்கைக்கோள் இடமறிதலால் என்பதால், அதன் துல்லியமும் இங்கேயே சேரும். அடுத்தடுத்த ஓட்டங்களுக்கிடையே காட்டப்படும் துல்லியம் வேறு, சில மணி நேரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பும்போது உள்ள துல்லியம் வேறு. திரும்பு பட்டையைக் காலையில் விதைத்து, வயலின் உட்பகுதியை மாலையில் முடிப்பவருக்குத் தேவை இரண்டாவது. இலவசத் திருத்தச் சமிக்ஞைகளில் எல்லைக்கோடு இதற்குள் நகர்ந்துவிடும். சில சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்.டி.கே. திருத்தத்தில் நகராது. கிளட்சுகளின் எண்ணிக்கையை முடிவுசெய்யும் முன் கையில் உள்ள சமிக்ஞை எந்த வகை என்று பார்ப்பது நல்லது.

## இயக்கம்: மூன்று வழிகள்

| அளவுகோல் | தரைச்சக்கரம் | ஹைட்ராலிக் மோட்டார் | வரிசைக்கொரு மின்மோட்டார் |
|---|---|---|---|
| அடர்த்தியை மாற்றுவது | இறங்கிப் பற்சக்கரம் மாற்ற வேண்டும் | ஓட்டிக்கொண்டே, ஒரு மோட்டாருக்கு ஒரு வீதம் | ஓட்டிக்கொண்டே, வரிசைதோறும் |
| வேகத்தோடு ஒத்திசைவு | நேரடி. ஆனால் சறுக்கல் உண்டு | வேக உணரியையும் வால்வையும் பொறுத்தது | வேக உணரியைப் பொறுத்தது. எதிர்வினை விரைவு |
| வரிசை நிறுத்தம் | கிளட்ச் தனியே வேண்டும் | கிளட்ச் தனியே வேண்டும் | உள்ளடங்கியது |
| வளைவில் ஈடுசெய்தல் | இல்லை, அல்லது பாதிக்குப் பாதி | மோட்டார்களின் எண்ணிக்கையளவு | முழுமையாக |
| டிராக்டரிடம் கேட்பது | எதுவுமில்லை | எண்ணெய் ஓட்டம், வால்வு, திரும்பு குழாய் | மின்சாரம், பெரும்பாலும் தனி ஜெனரேட்டர் |
| பழுதானால் நிற்பது | பெரும்பாலும் பாதி அல்லது முழு இயந்திரம். கைக்கருவியால் சரியாகும் | அந்த மோட்டாரின் பகுதி முழுவதும் | ஒரு வரிசை மட்டும் |

### தரைச்சக்கரம்

சக்கரம் உருண்டால் தட்டு சுழலும், நின்றால் நிற்கும். வேக உணரி தேவையில்லை. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் முதல் அடியிலேயே விதை விழத் தொடங்கும். இந்த எளிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

குறைகளும் அதே சக்கரத்திலிருந்துதான் வருகின்றன. தளர்ந்த மண்ணிலும் ஈரத்திலும் சக்கரம் சறுக்கும், சறுக்கிய அளவுக்கு விதை குறையும். டயரின் காற்றழுத்தமும், பெட்டியில் உள்ள விதை மற்றும் உரத்தின் எடையும் உருளும் ஆரத்தை மாற்றுவதால், பெட்டி நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் அடர்த்தி சற்றே வேறுபடும். நீண்ட செயின் வழியாக வரும் இயக்கம், செயின் தேய்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால், அதிர்ந்து அதிர்ந்து தட்டைச் சுழற்றி இடைவெளியைக் கெடுக்கும். ஹைட்ராலிக்குக்கு மாறிய பின் இடைவெளி சீரானதாகச் சொல்லப்படும் பல இடங்களில் உண்மையில் நடந்தது பழைய செயின்கள் கழற்றப்பட்டதுதான் என்பது என் கணிப்பு. புதிய செயினும் தாங்கிகளும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது செலவு குறைந்த சோதனை.

ஒரே கலப்பினம், ஒரே அடர்த்தி, நல்ல நிலையில் உள்ள மீட்டர் என்ற சூழலில் தரைச்சக்கரத்தை விட்டு விலக வேண்டிய அவசரம் எதுவுமில்லை. அதன் மேல் கிளட்ச் பொருத்துவதற்கு எந்தத் தடையும் கிடையாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வரிசை நிறுத்தத்துக்கு ஹைட்ராலிக் முன்நிபந்தனை அல்ல.

### ஹைட்ராலிக் மோட்டார்

டிராக்டரிலிருந்து வரும் எண்ணெயை ஒரு விகித வால்வு அளந்து விட, மோட்டார் அறுகோணத் தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் சுழற்சியை ஓர் உணரி எண்ணி, கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தெரிவிக்கிறது. கருவி அதை டிராக்டரின் வேகத்தோடு ஒப்பிட்டு வால்வைத் திருத்துகிறது. சறுக்கலும் டயர் அழுத்தமும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. வயலின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு விதை என்று குறித்த வரைபடத்தின்படி அடர்த்தியை மாற்றலாம். கலப்பினம் மாறும்போது இறங்கிப் பற்சக்கரம் மாற்ற வேண்டியதில்லை.

இதற்கு ஈடாக, இயந்திரம் இப்போது தன் வேகத்தைப் பிறர் சொல்லித்தான் அறிகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது செயற்கைக்கோள் வேகம் சிறிது தாமதித்தே வரும். ரேடார் உணரி, காற்றில் அசையும் வைக்கோலைக் கண்டு, நிற்கும் இயந்திரத்தை ஓடுவதாக நினைக்கக்கூடும். அதனால்தான் இக்கருவிகளில் தட்டை முன்கூட்டியே நிரப்பும் பொத்தானும், தொடக்கத்தில் சில நொடிகளுக்கு ஓர் ஊக வேகத்தை வைத்து ஓட்டும் வசதியும் தரப்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்தாத ஓட்டுநர் ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் ஒரு சிறு வெற்றிடத்தை விட்டுச் செல்வார்.

மோட்டார்களின் எண்ணிக்கை தனியாக யோசிக்க வேண்டியது. 12 வரிசைக்கும் ஒரே மோட்டார் உள்ள இயந்திரம் 30 மீட்டர் ஆரத்தில் வளைந்து செல்லும்போது, வெளிக்கோடி வரிசை நடுப்பகுதியைவிட வேகமாகவும் உட்கோடி வரிசை மெதுவாகவும் நகர்கின்றன. தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதால் வெளிக்கோடியில் விதை சுமார் 12 விழுக்காடு குறையும், உட்கோடியில் 16 விழுக்காடு கூடும். இடம் வலமாக இரண்டு மோட்டார்கள் இருந்து, கட்டுப்பாட்டுக் கருவியும் இரண்டுக்கும் தனித்தனி வேகத்தைக் கணக்கிட்டால், இது முறையே 6, 7 விழுக்காட்டளவுக்கு இறங்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: இரண்டு பாதிகளுக்கும் தனித்தனிச் சக்கரமும் பிளந்த தண்டும் கொண்ட பழைய தரைச்சக்கர இயந்திரம் இதே ஈடுசெய்தலை எந்த மின்னணுவியலும் இல்லாமல் செய்துவிடுகிறது. அப்படிப்பட்ட இயந்திரத்தைக் கழற்றி ஒற்றை ஹைட்ராலிக் மோட்டார் பொருத்துபவர் வளைவுகளில் பின்னோக்கிப் போகிறார்.

மறைந்த செலவுகள் பெரும்பாலும் டிராக்டரின் பின்புறத்தில் காத்திருக்கின்றன. விதையைத் தட்டில் பிடித்துவைக்கும் உறிஞ்சு விசிறி, தூக்கி, மடிப்பு, குறியிடும் கைகள், வரிசைகளை அழுத்தும் சிலிண்டர்கள் ஆகியவை ஏற்கெனவே வால்வுகளைப் பிடித்திருக்கும். மோட்டாருக்கு ஒன்று மிஞ்சுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிலையான ஓட்டம் தரும் கியர் பம்பு உள்ள டிராக்டரில், திரும்பும்போது எஞ்சின் வேகம் குறைந்தால் எண்ணெயும் குறையும். விசிறியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கும். தேவைக்கேற்ப ஓட்டத்தையும் அழுத்தத்தையும் மாற்றும் சுமையுணர் பம்பு உள்ள டிராக்டரில் இந்தச் சிக்கல் குறைவு என்றாலும், அதிக அழுத்தம் கேட்கும் ஒரு செயல்பாட்டுக்காகப் பம்பு முழு அழுத்தத்துக்கு உயரும்போது, குறைந்த அழுத்தமே போதுமான மோட்டாருக்குச் செல்லும் எண்ணெயின் மிச்ச ஆற்றல் வால்வில் வெப்பமாக வீணாகும். அழுத்தத்தை பார் அளவிலும் ஓட்டத்தை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும்: 100 பாரில் 20 லிட்டர் என்பது 3.3 கிலோவாட். இதில் பெரும்பகுதி வெப்பமானால் மதியத்துக்குள் எண்ணெய் கொதிக்கும் நிலைக்கு வராவிட்டாலும், குளிர்ந்த எண்ணெயில் காலையில் செய்த வால்வு அளவீடு மதியத்தில் பொருந்தாமல் போகும். அளவீட்டை எண்ணெய் வேலைச்சூட்டுக்கு வந்த பிறகே செய்ய வேண்டும்.

உறைக் கசிவுக் குழாய் என்ற மெல்லிய மூன்றாவது குழாய் பலரும் அலட்சியம் செய்வது. மோட்டாரின் உள்ளே கசியும் எண்ணெயை அழுத்தமில்லாமல் தொட்டிக்குக் கொண்டுபோவது அது. அதை இணைக்க மறந்து வால்வைத் திறந்தால் தண்டின் சீல் பிதுங்கிப் போய்விடும். முதலில் இணைக்க வேண்டியதும் கடைசியில் கழற்ற வேண்டியதும் அதுவே.

### வரிசைக்கொரு மின்மோட்டார்

தண்டு, செயின், கிளட்ச் மூன்றும் மறைந்து, ஒவ்வொரு மீட்டரின் மேலும் ஒரு சிறு மோட்டார் அமர்கிறது. நிறுத்தம், வளைவு ஈடுசெய்தல், அடர்த்தி மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே பொருளின் வேலைகளாகிவிடுவதால், இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர விடை தருவது இது மட்டுமே. ஒரு மோட்டார் போனால் ஒரு வரிசை போகும். பக்கத்து வரிசையிலிருந்து கழற்றிப் பொருத்திப் பார்த்தே பழுது மோட்டாரிலா, கம்பியிலா என்று கண்டுபிடித்துவிடலாம்.

அதிவேக விதைப்பு மின்மோட்டாரால் வருகிறது என்ற எண்ணத்தைச் சற்றுத் திருத்த வேண்டும். வேகத்தைத் தாங்குவது விதை தரைக்கு வரும் வழி. ஜான் டியர் 2014-இல் அறிமுகப்படுத்திய எக்ஸாக்ட்எமர்ஜ், மணிக்கு 16 கி.மீ. வரை விதைக்கும் என்று சொல்லப்படுவதற்குக் காரணம் விதையைக் கையில் ஏந்தி இறக்குவது போல் கொண்டுசெல்லும் தூரிகைப் பட்டை. அதனால்தான் அதில் ஒவ்வொரு வரிசைக்கும் மீட்டருக்கு ஒன்று, பட்டைக்கு ஒன்று என இரண்டு மோட்டார்கள், 56 வோல்ட் மின்சாரத்தில் இயங்குகின்றன. சாதாரண விதைக்குழாயை வைத்துக்கொண்டு மின்மோட்டார் மட்டும் பொருத்தினால், விதை குழாயில் மோதித் துள்ளுவது பழையபடியே இருக்கும்.

செலவு மின்சாரத்தில் ஒளிந்திருக்கிறது. வரிசைகள் கூடும்போது டிராக்டரின் சாதாரண ஆல்டர்னேட்டர் போதாமல், எண்ணெயிலோ பி.டி.ஓ. எனப்படும் டிராக்டரின் பின்புறச் சுழல்தண்டிலோ சுழலும் தனி ஜெனரேட்டர் தேவைப்படும். தூசியும் உரமும் ஈரமும் சூழ்ந்த இடத்தில் பத்து, இருபது இணைப்பிகள் பல ஆண்டுகள் நல்ல தொடர்பில் இருக்க வேண்டும். உர உப்பு பட்டு அரித்த ஒரு முனை, சில சமயம் வேலை செய்து சில சமயம் நிற்கும் வகைப் பழுதைத் தரும். உடைந்த செயினைப் போல் அது கண்ணுக்குத் தெரியாது.

## நிறுத்தும் கருவிகள்

தரைச்சக்கரத்தையோ ஹைட்ராலிக்கையோ தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் இந்தப் பகுதி. கையால் இயக்கும் பாதி நிறுத்தம் பழைய இயந்திரங்களிலேயே இருப்பது. ஒழுங்காகப் பயன்படுத்தினால் அதுவே வீணடிப்பைப் பாதியாக்கும் என்பதை மேலே பார்த்தோம்.

காற்றுக் கிளட்ச் ஒரு சுருள் வில்லை நம்பியது. வில் தண்டை இறுகப் பற்றியிருக்கும்போது மீட்டர் சுழலும். காற்றழுத்தம் வந்து பற்றைத் தளர்த்தினால் நிற்கும். ஒரு சிறு கம்பிரசர், தொட்டி, மின்வால்வுகள், மெல்லிய குழாய்கள் ஆகியவை தேவை. காற்றில் உள்ள ஈரம் தொட்டியில் நீராகச் சேரும். அதைத் தினமும் வடிக்காவிட்டால் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். கம்பிரசர் ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

மின்கிளட்சில் தொட்டியும் குழாயும் இல்லை, எதிர்வினை விரைவு, ஒரு வரிசையைத் தனியே மாற்றுவதும் எளிது. அதற்குரிய விலை கம்பிகளிலும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் போகிறது. மின்னழுத்தம் குறைந்தால் கிளட்ச் அரைகுறையாக இயங்கும் என்பதால், நீண்ட கம்பிகளின் தடிமனும் தரையிணைப்பும் சரியாக இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. மீட்டரில் பொருத்தப்பட்ட கிளட்ச் விதையை மட்டுமே நிறுத்தும். அதே தண்டிலிருந்து இயங்கும் குருணை மருந்துப் பெட்டியோ உரப் பெட்டியோ தொடர்ந்து கொட்டிக்கொண்டிருக்கும். திரவ உரத்துக்கும் தனிப் பிரிவு வால்வுகள் வேண்டும். அப்படியே, எந்த வரிசை வேண்டுமென்றே நிறுத்தப்பட்டது என்பது விதைக் கண்காணிப்புக் கருவிக்குத் தெரியாவிட்டால், ஒவ்வொரு முனையிலும் அது அலறும். சில நாள்களில் ஓட்டுநர் அலறலையே பொருட்படுத்தாமல் விடுவார், உண்மையான அடைப்பு வரும்போது அதுவும் கவனிக்கப்படாது.

மென்பொருளும் செலவில் சேரும். ஐசோபஸ் எனப்படும் ஐ.எஸ்.ஓ. 11783 தரத்தைப் பின்பற்றும் கருவிகளில்கூட, பிரிவு நிறுத்தம் ஒரு செயல்பாடு, வரைபடத்தின்படி அடர்த்தி மாற்றம் இன்னொரு செயல்பாடு. திரையில் இரண்டும் தனித்தனியே திறக்கப்பட வேண்டியிருக்கலாம். திரை எத்தனை பிரிவுகளைக் கையாளும் என்பதையும் கேட்க வேண்டும். பன்னிரண்டு கிளட்ச் வாங்கிய பிறகு, திரை அவற்றைச் சில பிரிவுகளாகத்தான் இயக்கும் என்று அறிவது கசப்பானது.

## யாருக்கு எது

வயல்கள் கோணல், அடர்த்தி ஒன்றே, இயந்திரம் நல்ல நிலையில் என்றால்: தரைச்சக்கரத்தை வைத்துக்கொண்டு நான்கு முதல் ஆறு பிரிவுகளுக்குக் கிளட்ச். செலவழிக்கும் தொகைக்கு இதைவிட அதிகம் திரும்பத் தரும் கூட்டணி எனக்குத் தெரியவில்லை.

வயல்கள் செவ்வகம், ஆனால் ஒரே வயலில் மண் வகை மாறுகிறது, அல்லது பாசன வட்டத்தின் உள்ளும் புறமும் விதைக்கிறார் என்றால்: ஹைட்ராலிக் இயக்கம், இயன்றால் இரண்டு மோட்டார்கள். கிளட்சைப் பின்னர் சேர்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: அடர்த்தி வரைபடம் பல ஆண்டு விளைச்சல் தரவிலிருந்து வராமல் ஊகத்திலிருந்து வந்தால், துல்லியமான கருவி தவறான எண்ணைத் துல்லியமாக விதைக்கும்.

இரண்டு தேவைகளும் உள்ளன, டிராக்டரில் சுமையுணர் பம்பும் மிச்ச வால்வும் இருக்கின்றன என்றால் ஹைட்ராலிக்கும் கிளட்சும் சேர்ந்த அமைப்பு பொருந்தும். ஆனால் இந்த இரண்டையும் திரையையும் கூட்டிய தொகை மின்மோட்டார்த் தொகுப்பின் விலையை நெருங்கிவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. அப்படி நெருங்கினால் இடையில் நிற்பதில் பொருளில்லை, மின்மோட்டாருக்கே போகலாம். சமவுயர்க் கோடுகளை ஒட்டி எப்போதும் வளைந்து வளைந்து விதைப்பவருக்கும், வேகத்தை உயர்த்த எண்ணி விதை இறங்கும் வழியையும் சேர்த்தே மாற்றுபவருக்கும் மின்மோட்டாரே முதல் தேர்வு. ஆண்டுக்குச் சில நாள்களே ஓடும் சிறிய இயந்திரத்துக்கு அது மிகை.

மீட்டரே தேய்ந்து, ஒரு துளையில் இரண்டு விதை பிடிப்பதும் துளை காலியாகப் போவதுமாக இருந்தால், மேலே சொன்ன எதுவும் முதல் செலவாக இருக்கக் கூடாது. மீட்டரைச் சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்த பிறகே இயக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பயன்படுத்திய ஹைட்ராலிக் இயந்திரத்தை வாங்குபவர், எண்ணெய் சூடான பின் மிகக் குறைந்த அடர்த்தியிலும் மெதுவான வேகத்திலும் தண்டு சீராகச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். விட்டுவிட்டுச் சுழன்றால் மோட்டாரோ வால்வோ தேய்ந்திருக்கிறது. குழாய்களில் கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது, அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும். ஓர் அட்டைத் துண்டு போதும். கிளட்ச் உள்ள இயந்திரமானால், காற்றையோ மின்சாரத்தையோ துண்டித்துவிட்டு வரிசைகள் விதைக்கும் நிலைக்குப் போகின்றனவா, நிற்கும் நிலைக்குப் போகின்றனவா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். வடிவமைப்புக்கு ஏற்ப இது மாறும். விதைக்கும் நிலைக்குப் போகும் கருவி பழுதானால் சில முனைகளில் விதை இரட்டிக்கும், வேலை ஓடும். நிற்கும் நிலைக்குப் போகும் கருவி பழுதானால், கண்காணிப்புக் கருவியைக் கவனிக்காத ஓட்டுநருக்கு வரிசை வரிசையாக வெறும் மண் மிஞ்சும், அது தெரியவருவது முளைக்கும் நாளில்தான்.